வாசலில் கல் அடுக்கும் எலி: ஒரு மார்கழிக் குறிப்பேடு

மாமாவின் கொல்லையில் கேழ்வரகு அறுப்பு முடிந்து போர் போட்டுக்கொண்டிருந்த நாள் அது. தேன்கனிக்கோட்டைப் பக்கம் மார்கழியில் பத்து மணி வரைக்கும் பனி விலகாது. கொல்லையின் மேற்கு ஓரம் சரிந்து கரட்டோடு சேரும் இடத்தில் செம்மண்ணும் சரளையுமாகக் கிடக்கும், ஏர் ஓடாது. அங்கே வெயிலுக்காக உட்கார்ந்து டீ குடித்தபோதுதான் அந்த வளையைப் பார்த்தேன். இரண்டு விரல் நுழையும் வாய். அதன் கீழே ஒரு பிடி கூழாங்கற்கள்.

மழைத்தண்ணீர் உருட்டி வந்த கல் அப்படிக் குவியாது. தண்ணீர் கொண்டுவந்தால் பெரிதும் சிறிதும் கலந்திருக்கும், நடுவில் வண்டல் இருக்கும். இங்கே துவரைக்கும் மொச்சைக்கும் இடைப்பட்ட அளவில் பொறுக்கி எடுத்தது போன்ற கற்கள், மண்ணே ஒட்டாமல். யாரோ கொண்டுவந்து வைத்தவை.

போர் போட வந்திருந்தவர்களில் ஒரு பெரியவர் இளமையில் கிணறு வெட்டும் வேலைக்குப் போனவர். வீட்டில் தெலுங்கு பேசுவார். அவரிடம் காட்டினேன்.

"சுண்டெலி வளையா தாத்தா?"

"சுண்டெலி எங்கப்பா கல்லு பொறுக்கும்? இது கல்லெலி. ராத்திரி மேஞ்சிட்டு வந்து, உள்ள போனதும் கல்லப் போட்டு வாசல அடைச்சிக்கும். நாங்க மண்ணு வெட்டறப்ப எத்தனையோ பார்த்திருக்கேன். தொட்டா சுருக்குனு இருக்கும்."

அந்தக் கடைசி வார்த்தைதான் என்னை அன்றைக்குத் தூங்கவிடவில்லை. தொட்டால் சுருக்கென்று இருக்கும் சுண்டெலி இந்தத் தீபகற்பத்தில் உண்டு. 1832இல் பென்னட் என்பவர் தக்காணத்திலிருந்து கிடைத்ததை வைத்து அதற்கு மஸ் பிளாட்டித்ரிக்ஸ் என்று பெயரிட்டார். தட்டை மயிர்க்காரன் என்று பொருள். அது காலங்காலமாக நம் வரப்போரத்தில் வாழ்கிறது. ஆனாலும் கையில் அகப்படும் சின்ன எலி எல்லாவற்றையும் சுண்டெலி என்றே சொல்லி, ஒரே மருந்தை எல்லாவற்றுக்கும் வைக்கிறோம். இது எந்த எலி என்று உடலை அளந்து, தொட்டு, பல்லைப் பார்த்து எழுதிவைக்க வேண்டும் என்று அன்று இரவே முடிவு செய்தேன்.

முதலில் கல்லைச் சோதித்தேன். சாயங்காலம் வளை வாயிலிருந்த கற்களை எல்லாம் எடுத்து ஒரு முழம் தள்ளி ஒரு தட்டில் வைத்தேன். மொத்தம் 31. ஒவ்வொன்றிலும் சிவப்பு நெயில் பாலிஷால் ஒரு புள்ளி. காலையில் போய்ப் பார்த்தால் வாசல் அடைபட்டிருந்தது. அதில் 12 கற்களில் சிவப்புப் புள்ளி இருந்தது, மற்றவை புதியவை. தட்டிலிருந்தே எடுத்துப் போயிருக்கிறது! அந்தக் கற்களைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் அப்படியே நின்றிருந்தேன்.

இதை நான் கண்டுபிடித்ததாகச் சொல்லவில்லை. வால்டர் எலியட் என்ற மதராஸ் அதிகாரி தார்வாடு பக்கம் வேலை பார்த்த காலத்தில் பார்த்ததையெல்லாம் தொகுத்து, 1839இல் மதராஸ் ஜர்னலில் எழுதியிருக்கிறார். சிவந்த சரளை மண்ணில் கரைச்சரிவில் வளை. உள்ளே இருக்கும்போது வாசலைச் சிறு கற்களால் அடைத்துக்கொள்ளும். வெளியே கிடக்கும் கற்குவியலை வைத்தே வளையைக் கண்டுபிடித்துவிடலாம். உள் அறையிலும் கல் பரப்பி அதன் மேல்தான் உட்கார்ந்திருக்கும். எங்கள் சரிவை நேரில் பார்த்து எழுதியது போல இருந்தது. அவருக்கு இதைச் சொன்னவர்கள் மண் வெட்டிப் பிழைத்த ஒட்டர்கள். அவர்கள் இந்த எலியை அழைத்த பெயரைத்தான் கிரே என்ற விலங்கியலாளர் 1837இல் எடுத்து, 'லெக்கடா' என்று ஒரு பேரினத்துக்கே வைத்தார். அந்தப் பேரினப் பெயர் இன்று வழக்கில் இல்லை. ஆனால் எலியின் வாசலை அறிந்தவர்கள் மண்வெட்டி பிடித்தவர்கள்தான் என்பது அந்தப் பெயரிலேயே இருக்கிறது. எங்கள் பெரியவர் சொன்னதும் அதே அறிவு.

பொறிக்கு வருகிறேன். கிட்டி, வில்பொறி எல்லாம் எலியைக் கொன்றுவிடும். எனக்கு அது உயிரோடு வேண்டும். ஆராய்ச்சி மாணவர் ஒருவர் பழக்கம். அவரிடம் ஷெர்மன் பொறி இருந்தது. மடக்கிக் கொண்டுபோகக்கூடிய அலுமினியப் பெட்டி, ஏறக்குறைய 23 செ.மீ. நீளம். எலி உள்ளே போய் மிதிபலகையை மிதித்தால் கதவு சாத்திக்கொள்ளும், அடிபடாது. எலியும் சுண்டெலியும் முன்பு வனவுயிர் பாதுகாப்புச் சட்டத்தின் ஐந்தாம் அட்டவணையில், யாரும் கொல்லலாம் என்ற வரிசையில் இருந்தன. 2022ஆம் ஆண்டுத் திருத்தம் அந்த வரிசையையே எடுத்துவிட்டது. அதனால் சொந்தக் கொல்லையானாலும் வனத்துறையிடம் கேட்டுக்கொண்டுதான் பொறி வைக்க வேண்டும் என்பது அந்த மாணவ நண்பரின் கட்டளை. அவர் பெற்றிருந்த அனுமதியில், அவரும் கூட இருக்கத்தான் எல்லாம் செய்தோம்.

இரை: வறுத்த வேர்க்கடலையைத் தட்டி, கேழ்வரகு மாவோடு பிசைந்து, நெல்லிக்காய் அளவு உருண்டை. கூடவே ஒரு பிடி பஞ்சு கட்டாயம். அலுமினியம் இரவில் பனியைப் போலக் குளிரும். இருபது கிராம் உயிர் பஞ்சு இல்லாமல் விடியும் வரை தாங்காது. பொறியைச் சுற்றிச் சாம்பலை வட்டமாகத் தூவினோம், எறும்புக்காக. அடைபட்ட எலியை எறும்பு மொய்த்தால் அது எங்கே ஓடும்? விடியும் முன்பே, ஐந்தரைக்கு, எல்லாப் பொறியையும் பார்த்துவிடுவோம். முழுக்கை சட்டை, கையுறை, வீட்டுக்கு வந்ததும் சுடுதண்ணீர்க் குளியல். எலியின் மேல் தொற்றியிருக்கும் நுண்ணிய உண்ணிப் புழுக்களால் ஸ்க்ரப் டைபஸ் காய்ச்சல் வரும், அதன் மூத்திரத்தால் எலிக்காய்ச்சல் வரும். இந்த இரண்டையும் அலட்சியம் செய்துவிட்டு எலியைத் தொடக் கூடாது.

முதல் இரவு எட்டுப் பொறி. மோட்டார் கொட்டகை ஓரம் வைத்த ஒன்று மட்டும் சாத்தியிருந்தது. டார்ச் அடித்துப் பார்த்தேன். முதுகெல்லாம் குச்சி குச்சியாக நிற்கிறது! "முள் இருக்கு, முள் இருக்கு" என்று கத்திக்கொண்டே குறிப்பேட்டில் 'பிளாட்டித்ரிக்ஸ்' என்று எழுதியும்விட்டேன். நண்பர் ஒன்றும் சொல்லவில்லை. எலியைத் துணிப்பைக்கு மாற்றி, பஞ்சோடு சேர்த்துப் பதினைந்து நிமிடம் வெயிலோரம் வைத்தார். திறந்து பார்த்தால் முள் எதுவும் இல்லை. பொறியின் உள்சுவரில் பனி வியர்த்து, மயிர் நனைந்து, கற்றை கற்றையாக ஒட்டி நின்றிருக்கிறது. காய்ந்ததும் பட்டு மாதிரி படிந்துவிட்டது. வயிறு அழுக்குப் பழுப்பு. உடல் 78 மி.மீ., வால் 84. வால் உடலைவிட நீளம். அது வீட்டுச் சுண்டெலி, மஸ் மஸ்குலஸ். எழுதிய பெயரின் மேல் கோடு போட்டேன். அந்தக் கோடு குறிப்பேட்டில் இன்னும் இருக்கிறது, இருக்கவும் வேண்டும். எலியின் மயிர் காயும் வரை எதையும் எழுதுவதில்லை என்பது அன்றிலிருந்து எங்கள் விதி.

அந்த எலி ஒரு பாடத்துக்கும் உதவியது. பிடரித் தோலைப் பிடித்துத் தூக்கி, மேல் உதட்டைக் காது குடையும் பஞ்சுக் குச்சியால் லேசாகத் தள்ளி, பத்து மடங்கு லென்ஸில் முன்பல்லைப் பக்கவாட்டில் பார்த்தோம். மேல் முன்பல்லின் நுனிக்கு உட்புறத்தில் சின்னதாக ஒரு படி வெட்டினது போலப் பள்ளம். வீட்டுச் சுண்டெலிக்கு அது ஓர் அடையாள முத்திரை. இரண்டு பேரும் மாற்றி மாற்றிப் பார்த்தோம், கண்ணுக்குப் பழக வேண்டுமே.

இரண்டாவது இரவு வரப்பில் ஒன்று. கையில் வைத்தால் கனமே தெரியவில்லை, 9 கிராம். வயிறு பால் வெள்ளை. முதுகின் பழுப்பும் வயிற்றின் வெள்ளையும் சேரும் இடம் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டது போல. வால் மேலே கருமை, அடியில் வெளுப்பு. உடல் 62, வால் 59. பல்லில் அந்தப் பள்ளம் இல்லை. வயல் சுண்டெலி, மஸ் பூடுகா என்று எழுதினோம். அதற்கு ஓர் உடன்பிறப்பு உண்டு, மஸ் டெர்ரிகலர். இன்னும் குட்டை வால். இரண்டுக்கும் குரோமோசோம் 40. எக்ஸ் குரோமோசோமின் வடிவத்தில்தான் தெளிவான வித்தியாசம். வால் உடலுக்கு ஏறக்குறைய சமமாக இருந்ததால் பூடுகா என்று துணிந்தோம். வாலை அளக்கும் முன் அதன் நுனியைப் பார்த்துவிடுவது நல்லது. சண்டையில் நுனி போன வால் குட்டை வாலாகத் தெரிந்து ஏமாற்றிவிடும்.

மூன்று, நான்கு, ஐந்தாம் இரவுகளில் வெறும் பொறிதான். கல் வாசல் வளைக்குப் பக்கத்தில் வைத்த பொறியை எலி தொடவே இல்லை. ஆனால் ஒவ்வொரு காலையும் வாசல் அடைபட்டிருந்தது. உள்ளே இருக்கிறது, வெளியே வந்து போகிறது, நம் கடலை உருண்டை மட்டும் அதற்கு வேண்டாம். பெரியவரிடம் போய்ச் சொன்னேன். அவர் வந்து பார்த்துவிட்டு, "பெட்டிய வாசலுக்கு நேரா வெச்சா எப்படி வரும்? அது போற தடத்துல வை" என்றார். குனிந்து, சரளையில் எனக்கு ஒன்றுமே தெரியாத ஓர் இடத்தைக் காட்டினார். கொழுக்கட்டைப் புல் தூருக்கும் ஒரு பாறைக்கும் நடுவில் விரல் அகலத்துக்குக் கல் விலகிய தடம். அதில் பொறியை வைத்து, அலுமினியம் தெரியாதபடி மேலே சருகைப் போட்டோம். பொறி வாசலின் மிதிபலகையிலும் நான்கு சரளைக்கல் வைத்தார், மண்வாசனைக்காக.

ஆறாம் நாள் காலை, ஐந்தரை மணி. பொறி சாத்தியிருந்தது. தூக்கும்போதே கனம் வேறு மாதிரி.

துணிப்பைக்கு மாற்றி, காயவைத்து, காத்திருந்தோம். பிறகு நண்பர் பிடரியைப் பிடித்து வெளியே எடுத்தார். கையுறையோடு ஒரு விரலை வாலிலிருந்து தலைப்பக்கமாக, மயிருக்கு எதிராக, மெல்லத் தள்ளினேன். தென்னந்துடைப்பத்தின் நுனியைத் தடவினால் எப்படி இருக்குமோ அப்படி. தலையிலிருந்து வாலுக்குத் தடவினால் வழுவழுவென்று போகிறது, எதிர்த்துப் போனால் விரல் நிற்கிறது. மெல்லிய ரப்பர் கையுறையைத் தாண்டியும் தெரிந்தது. தாத்தா சொன்ன 'சுருக்' அதுதான். கீழே வயிற்றிலும் அப்படித்தான், ஆனால் இன்னும் மெல்லியது.

பையின் தையலில் இரண்டு மூன்று மயிர் உதிர்ந்து கிடந்தன. ஒன்றைச் சாமணத்தால் எடுத்து லென்ஸில் வைத்தேன். அது மயிரே இல்லை. மூங்கிலைப் பிளந்து சீவிய சிம்பு எப்படி ஒரு பக்கம் குழிந்து ஓடை போல இருக்குமோ அப்படி ஒரு தட்டையான, ஓடை விழுந்த, கண்ணாடி போல ஒளி ஊடுருவும் இழை. நுனி மட்டும் கருப்பு. பக்கத்தில் ஒரு சாதாரண மயிரையும் வைத்துப் பார்த்தேன். அது நூல், இது ஓலை. இப்படிப்பட்ட ஓலைகளின் இடைவெளியில் மென்மயிர் நிறைந்திருக்கிறது. அதனால்தான் பார்வைக்கு முள் தெரிவதில்லை, தொட்டால்தான் தெரிகிறது. சுண்டெலி ஈரத்தில் காட்டிய போலி முள்ளுக்கும் இதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை.

உடல் 97 மி.மீ. வால் 66, நுனி முழுசாக இருந்தது. அதாவது உடலில் மூன்றில் இரண்டு பங்குதான் வால். பின்னங்கால் நகம் நீங்கலாக 17. காது 14. எடை 21 கிராம். ஆண். முதுகு செம்மண்ணோடு கலந்துவிடும் மணற்பழுப்பு, வயிறு வெள்ளை, பாதங்கள் வெள்ளை. மேல் முன்பல்லில் சுண்டெலியின் பள்ளம் இல்லை. பல்லின் முன்பக்கத்தில் நெடுக்குக் கோடும் இல்லை. இதைப் பார்க்கக் காரணம், சொரசொரப்பான மயிருள்ள இன்னொரு எலி இங்கே புதர்களில் உண்டு, கொலுண்டா எலியட்டி. அதன் குட்டியாக இருக்குமோ என்ற சந்தேகம். அதற்கு முன்பல்லில் ஓடை இருக்கும். இதற்கு இல்லை. சந்தேகம் தீர்ந்தது. குன்னூர்ப் பக்கத்து மழைக்காட்டுச் சுண்டெலியான மஸ் ஃபாமுலஸ் பற்றி நான் யோசிக்கவே இல்லை. அது மலைக்காட்டின் மென்மயிர்க்காரன், இந்தச் சரளைக்கு அதற்கு வழியில்லை.

பிளாட்டித்ரிக்ஸ் என்று எழுதப் பேனாவை எடுத்தேன். நண்பர் தடுத்தார். இந்தியாவில் முள்மயிர்ச் சுண்டெலி ஒன்றல்ல. எலியட் பெயரிட்ட மஸ் சாக்ஸிகோலா இருக்கிறது, அதற்குப் பாறைதான் பிடிக்கும். ராட்டன் 1912இல் பெயரிட்ட மஸ் ஃபிலிப்ஸி இருக்கிறது. இலங்கையில் மட்டும் வாழும் மஸ் ஃபெர்னாண்டோனியும் இதே கிளைதான். இவற்றைத் திண்ணமாகப் பிரிக்க மண்டை ஓட்டின் அண்ணத்தில் உள்ள துளைகளை, கடைவாய்ப் பற்களை, குரோமோசோமைப் பார்க்க வேண்டும். பிளாட்டித்ரிக்ஸுக்கு குரோமோசோம் 26. உயிருள்ள எலியின் அண்ணத்தை யாரும் பார்க்க முடியாது. அதைக் கொன்று பார்க்கவும் நான் சம்மதிக்கவில்லை, அவரும் கேட்கவில்லை. உடல் பெரிதாக இருப்பது, சரளை மண், கல் வாசல் எல்லாம் பிளாட்டித்ரிக்ஸ் பக்கமே சாய்கின்றன. ஆனாலும் குறிப்பேட்டில் 'மஸ் சி.எஃப். பிளாட்டித்ரிக்ஸ்' என்றே எழுதினோம். ஒத்திருக்கிறது, உறுதியாகவில்லை என்பதற்கு உயிரியலாளர்கள் இடும் அடையாளம் அந்த 'சி.எஃப்.'. அந்த இரண்டெழுத்தின் நேர்மை எனக்கு மிகவும் பிடித்திருந்தது. காதுநுனியிலிருந்து கடுகளவு திசுவை எடுத்து ஆல்கஹாலில் போட்டுக்கொண்டார்.

கரட்டின் மேல் ஒரு பொந்துப் பாறை உண்டு, கொம்பன் ஆந்தை உட்காரும் இடம். ஆந்தை விழுங்கிய எலியின் எலும்பையும் மயிரையும் உருட்டி வாய்வழியே உமிழ்ந்துவிடும். அன்று மத்தியானம் அதன் கீழே ஐந்து உருண்டைகள் பொறுக்கினேன். வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறவைத்து, ஊசியால் பிரித்தேன். மூன்றில் பெரிய எலிகளின் எலும்பு. ஒன்றில் வண்டின் ஓடு மட்டும். கடைசி ஒன்றில் மூக்கு உடையாத ஒரு சிறு மண்டை. மேல்தாடையில் முதல் கடைவாய்ப்பல், மற்ற இரண்டும் சேர்ந்த நீளத்தையும் மிஞ்சியிருந்தது. மஸ் பேரினத்தின் கையெழுத்து அது, பெரிய எலிகளில் அப்படி இருக்காது. அதே உருண்டையின் மயிரில் ஓலை மாதிரி இழைகள், ஓடையும் கருநுனியுமாக. பையிலிருந்து எடுத்ததை அதன் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன், ஒன்றேதான். இந்தக் கரட்டில் நம் எலி தனியாக இல்லை. மண்டையைப் பஞ்சு வைத்த மாத்திரை டப்பாவில் போட்டு நண்பரிடம் கொடுத்துவிட்டேன். அண்ணத்துத் துளைகளை அவர் நிதானமாக அளக்கட்டும்.

மாமாவைத்தான் சம்மதிக்க வைக்க வேண்டியிருந்தது. வேர்க்கடலை விதைப்புக்கு முன் அந்தச் சரிவிலும் மருந்து வைப்பது அவர் வழக்கம். பகலெல்லாம் பையில் பஞ்சோடும் வெள்ளரித் துண்டோடும் இருந்த எலியைச் சாயங்காலம் அவரிடம் கொண்டுபோனேன். கையுறை மாட்டிக்கொடுத்து, "எதிர்ப்பக்கமா தடவிப் பாருங்க மாமா" என்றேன். தடவினார். இன்னொரு தடவை தடவினார். "அறுபது வருஷமா இந்தக் கொல்லையில கெடக்கறேன், இத நான் தொட்டதே இல்லையேடா" என்றார். சரிவுப் பக்கம் மருந்து வேண்டாம் என்று சொல்ல எனக்கு அதற்கு மேல் வார்த்தை தேவைப்படவில்லை.

பொழுது சாய்ந்ததும் அது அகப்பட்ட தடத்திலேயே பையைத் திறந்துவிட்டேன். ஒரு கணம் முன்காலைத் தூக்கி நின்றது. பிறகு புல்தூருக்கும் பாறைக்கும் நடுவே, பெரியவர் காட்டிய அதே விரல் அகலத் தடத்தில், கல்லோடு கல்லாக மறைந்துவிட்டது. வளை வாசலை நான் அடைக்காமல் திறந்தே விட்டிருந்தேன்.

மறுநாள் பனி விலகும் முன் போய்ப் பார்த்தேன். வாசல் அடைபட்டிருந்தது. மேலாகத் தெரிந்த கற்களை எண்ணினேன், 19. அதில் ஏழில் சிவப்புப் புள்ளி.